கத்தி படாத கால்

சந்தியோகுவின் காலை முனையடி ஊர் முழுவதும் மணந்து முடித்த பிறகுதான் நெறியாளர் ஜெகதீஸ் அதைக் கண்டுபிடித்தார். அவருக்கு முந்தி இலையான்கள் மொய்த்துக் கண்டுபிடித்திருந்தன. இலையான்களுக்கும் முந்தி, சந்தியோகுவின் மனைவி ஜசிந்தா.

மாரி முடிந்த கையோடு, முட்டளவுத் தண்ணீரில் வலை வளைத்துக்கொண்டு நின்றபோது சந்தியோகுவின் இடது குதிக்காலைச் சிப்பி வெட்டியது. இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரனுடைய கால் அவனோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. வெட்டினது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து குசினிக்குள் ஒரு சுற்று நடந்த பிறகு, சீமெந்து நிலத்தில் சிவப்பாக அடி அடியாகக் கிடந்ததைப் பார்த்து, "எடியே, மீன் இரத்தம் வடியுது, பறியைப் பார்" என்று மனைவியை ஏசினார். காயத்துக்குக் கோப்பித்தூள் வைத்தார்கள். பிறகு மஞ்சள். பிறகு புகையிலை. காயம் எல்லாவற்றையும் தின்று கொழுத்தது.

சோளகக் காற்றுப் பெயர்ந்தபோது பாதம் பாதி கறுத்துவிட்டது. ஊர்காவற்றுறைப் பக்கத்தில் கடற்கரை என்றால் கருவாடும் நண்டுக்கோதும் காய்ந்த பாசியும் கலந்து அடிக்கிற இடம்தான். அங்கே ஒரு நாற்றம் தனியாகப் பேர் எடுப்பது இலேசான காரியமில்லை. சந்தியோகுவின் கால் எடுத்தது. ஞாயிறு பூசையில் அவர் இருந்த வாங்கு முழுவதும் அவருக்கே கிடைத்தது. முன்வாங்குக்காரர் பக்தி கூடிப்போய் இன்னும் முன்னுக்குத் தள்ளி இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பூசைக்குப் போகவில்லை.

ஜசிந்தா விடியக் கரைக்குப் போய் மற்றவர்களின் வலையில் நண்டு கழற்றுவாள். வெயில் ஏற வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கால் கழுவுவாள். கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிப்போய் வரும். அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்ல உரிக்கும்போது அடியில் இருந்து எழும்புகிற வெடில் தொண்டைக்குள் போய் நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு அன்று முழுக்கச் சாப்பாட்டில் அதுதான் கறி. புட்டைப் பிசைந்தால் புட்டுக்குள் அது. சொதிக்குள் அது. அவளுக்கு அரியண்டம்தான். இல்லையென்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. அரியண்டப்பட்டுக்கொண்டே கழுவினாள், கழுவிக்கொண்டே அரியண்டப்பட்டாள். இரண்டும் ஒன்றையொன்று குழப்பவில்லை.

இந்த நிலைமையில்தான் ஜெகதீஸ் வந்தார்.

ஜெகதீஸ் யாழ்ப்பாணத்துக்காரர். நாடகம் படிக்க வெளிநாடு போய், படித்து முடித்தபின் திரும்பியும் வந்த அபூர்வப் பிறவி. தோளில் ஒரு பருத்திப் பை, வாயில் 'உண்மை' என்ற சொல், இந்த இரண்டும் இல்லாமல் அவரை ஒருத்தரும் கண்டதில்லை. தேத்தண்ணி குடித்தால் 'இதுதான் உண்மையான தேத்தண்ணி' என்பார். பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தீவுப் பகுதிக்கு ஏற்றபடி மாற்றி, மண்கும்பான் கடற்கரையில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு முன்னால் மேடையேற்றப் போகிறார். அதற்குக் கூத்தாடத் தெரிந்த ஆட்கள் தேவை. ஊரின் மத்தளகாரர் யாகப்பு அண்ணை, பழைய ராசபாட்டுக்காரரைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கம்பஸ் பெடியன் றஜீபனும் கமராவோடு இன்னொரு பிள்ளையும்.

படலையடியில் யாகப்பு அண்ணை சால்வையால் மூக்கைத் துடைப்பதுபோலப் பொத்திக்கொண்டார். சந்தியோகு விருந்தாளிகளைக் கண்டு, கதிரையை இழுத்துக்கொண்டு, குதிக்காலை நிலத்தில் வைக்காமல் கெந்திக் கெந்தி வெளியே வந்தார்.

"அப்பிடியே நில்லுங்கோ அண்ணை" என்றார் ஜெகதீஸ்.

சந்தியோகு நின்றார்.

"திரும்பி ஒருக்கா நடவுங்கோ."

"எங்க நடக்கிறது?"

"சும்மா. அந்தப் பூவரசு மட்டும்."

சந்தியோகு பூவரசு வரைக்கும் போய் வந்தார். ஜெகதீஸ் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு றஜீபனிடம் தாழ்ந்த குரலில், "இதை ஒரு நடிகனுக்குப் பழக்க ஏலாதடா. இது உண்மை" என்றார்.

கதை சொன்னார். போருக்குப் போகிற வழியில் ஒருத்தனைப் பாம்பு கடித்துக் கால் புழுக்கிறது. நாற்றம் தாங்காமல் கூட வந்தவர்கள் அவனை ஆளில்லாத தீவொன்றில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வருசக்கணக்கில் கழிந்த பிறகு, அவனிடம் இருக்கிற வில் இல்லாமல் போரில் வெல்ல ஏலாது என்று தெரிகிறது. அதை ஏமாற்றி வாங்குவதற்கு ஒரு தந்திரக்காரனும் ஒரு பெடியனும் அந்தத் தீவுக்கு வருகிறார்கள்.

"கால் நாறினதுக்கோ விட்டுட்டுப் போனவை?" என்று தேத்தண்ணித் தட்டோடு நின்ற ஜசிந்தா கேட்டாள்.

"ஓம் அக்கா. நாற்றம். அதோட அந்தாள் போடுற கத்தல்."

"ஒருத்தரும் கழுவிவிடேல்லையோ?"

"கழுவிவிட்டால் நாடகம் இல்லை, அக்கா."

"அப்ப அந்தக் கதையில பொம்பிளையள் இல்லைப்போல."

ஜெகதீஸ் யோசித்துப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லை."

"அதுதானே பார்த்தன்" என்று அவள் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

சந்தியோகுவின் முகத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. பூசை வாங்கில் தனியே இருந்து வந்த மனிசன். இப்போது படித்த ஒருத்தர் வீடு தேடி வந்து, உங்கள் கால்தான் வேண்டும் என்கிறார். சந்தியோகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு கனகாலம் என்பதால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முனையடியில் கூத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வேசம் ஏற்கிறவன் அந்தோனியார் கோவில் படியில் வைத்து மத்தளத்தைத் தொட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்ட நாளிலிருந்து, ஆட்டம் முடிந்து மங்களம் பாடும் வரைக்கும், அவன் உடம்பில் கத்தி படக்கூடாது. மயிர் வெட்டக்கூடாது, முகம் வழிக்கக்கூடாது, நகத்தைப் பல்லால் கடித்துத் துப்ப வேண்டியதுதான். பட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் பட விட்டதில்லை. தேவதூதன் வேசம் ஏற்ற பஸ்ரியாம்பிள்ளை கரடிமாதிரித் தாடியோடு மேடைக்கு இறங்கி, சின்னப்பிள்ளைகள் குழறி அழுததை ஊர் இன்னும் கதைக்கிறது. சந்தியோகுவின் கலியாணமே அப்படித்தான் நடந்தது. அந்த வருசம் அவருக்கு ராச வேசம். கலியாணப் படத்தில் மாப்பிள்ளை கோட்டும் கழுத்துப்பட்டியும் காதுவரை தாடியுமாக, கடலில் இருந்து மீட்டெடுத்த ஆள்போல நிற்கிறார். பக்கத்தில் ஜசிந்தா பெருமையாகச் சிரிக்கிறாள். தாலி கட்டும்போது தாடி கன்னத்தில் குத்தினதை அவள் மருமக்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே ஜெகதீஸ், 'மண்ணோடு ஒட்டின தொடக்கம் வேணும்' என்று சந்தியோகுவைக் கோவில் படிக்குத் தூக்கிப்போய் மத்தளத்தைத் தொடவைத்துப் படமும் எடுத்தபோது, அவர் என்ன செய்கிறார் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு யாகப்பு அண்ணை கத்தி விசயத்தை விளங்கப்படுத்தினார். ஜெகதீஸின் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு உண்மையான வழக்கம்" என்றார்.

சந்தியோகுவால் தூரம் நடக்க ஏலாது என்றபடியால் நாடகப் பழக்கம் அவர்கள் வளவிலேயே நடந்தது. பின்னேரம், சோளகம் கடலில் இருந்து மணலை வாரிக்கொண்டு வரும். ஜசிந்தா வேலியோரம் சாக்கில் கருவாடு பிரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

முதலில் பாம்பு திருக்கை மீனாகியது. தீவில் பாம்பு கடித்தால் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார்கள், விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்று சந்தியோகு சொன்னதால், கால் திருக்கை முள் குத்திப் புழுத்ததாக வைத்தார்கள். அடுத்தது வில். ஜெகதீஸ் அதை வள்ளத்து இஞ்சினாக மாற்றினார்.

"இஞ்சினை விட்டுட்டு ஆர் தம்பி போவான்?" என்றார் சந்தியோகு. "ஆளை விட்டுட்டுப் போவினம். இஞ்சினைக் கழட்டிக்கொண்டெல்லோ போவினம்."

"அது நல்ல கருத்து அண்ணை. மனிதனைவிட இயந்திரம் பெரிது."

"கருத்தில்லைத் தம்பி. நடக்கிறது."

கடைசியில் அது மீன் குத்துகிற மண்டாவாகியது. யாகப்பு அண்ணை வீட்டுக் கூரையில் செருகிக் கிடந்த துருப்பிடித்த மண்டாவை இறக்கிக் கொடுத்தார்.

ஜெகதீஸின் கதிரை எப்போதும் காற்று வருகிற பக்கம் இருந்தது. இதை ஜசிந்தா முதல் நாளே கவனித்தாள். காற்று கொஞ்சம் பக்கம் மாறினால் அவரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பக்கம் மாறுவார். மாறும்போது, 'இன்னொரு கோணத்தில் பார்ப்பம்' என்பார். அவருடைய மூக்குக்குக் கீழே ஏதோ மினுங்கியது. தைலம். மூக்கை அடைத்துக்கொண்டு அவர் பெடியனுக்கு மூக்கைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

"றஜீபன், இந்த நாடகம் கண்ணுக்கில்லை. மூக்குக்கு. புலன்களின்ர அரங்கு. நீ அவற்ற குகைக்குள்ள முதல்தரம் வாறாய். மணக்குது. நீ ஓங்காளிக்கிறாய். எங்க, செய்."

றஜீபன் சந்தியோகுவுக்கு அருகே வந்து, வயிற்றைப் பிடித்து, "ஓ" என்றான்.

"உண்மை இல்லை."

"ஓஓ."

"உண்மை இல்லையடா. அடிவயித்தில இருந்து வரவேணும். திரும்பச் செய்."

அந்தப் பெடியன் நல்ல பிள்ளை. உண்மையில் அவனுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வயதுக்கு மூத்த மனிசனின் முகத்துக்கு முன்னால் ஓங்காளிப்பது மரியாதையில்லை என்று விழுங்கிவிட்டு, அதற்குப் பிறகு பொய்க்கு ஓங்காளித்தான். ஜெகதீஸ் நாள்தோறும் 'உண்மை இல்லை' என்றார். சந்தியோகு, "எனக்காண்டிப் பார்க்காதையும் தம்பி, நல்லாச் சத்தி எடும்" என்று அவனைத் தேற்றினார்.

ஒரு நாள் பழக்கம் முடிந்து அவள் கட்டை அவிழ்க்கும்போது ஜெகதீஸ் எட்டத்தில் இருந்து கூப்பிட்டார்.

"அக்கா, அந்தத் துணியைத் தோய்க்காதேங்கோ."

"எந்தத் துணியை?"

"கட்டுத்துணி. அந்த நிறம் சாயத்தில வராது. மேடைக்கு வேணும். ஊறி ஊறித்தான் அது உண்மையாகும்."

ஜசிந்தா அவரைப் பார்த்தாள். மஞ்சளும் பச்சையும் மண்ணிறமுமாக வளையம் வளையமாக ஊறின அந்தத் துணி அவளுடைய பழைய சேலை. பிள்ளை பெற்றபோது கட்டினது. "சரி தம்பி" என்று அதைச் சொப்பிங் பையில் போட்டு முடிந்து, பனைமட்டை வேலியின் கடைசி மூலையில் கொழுவினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பழக்கத்துக்கும் மேலுக்கு அதைச் சுற்றுவதும், முடிந்ததும் பையில் போடுவதும் நடந்தது. காகங்கள் அந்த மூலைக்கு வருவதை நிறுத்திவிட்டன. எலும்பு, குடல், செத்த எலி என்று எதையும் விடாத காகங்கள்.

அடுத்த கிழமை கிளினிக். ஓட்டோவில் கூட்டிப்போனாள். நேர்ஸ் நிலாந்தி மிஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் யன்னலைத் திறந்தாள். பெரிய டொக்டர் வந்து பார்த்தார். உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும் என்றார்.

"ஐயா பயப்பிடாதேங்கோ" என்றாள் நிலாந்தி. "இப்ப போனால் முழங்காலுக்குக் கீழ வெட்டுவினம். பிந்தினால் மேல போகும். இன்னும் பிந்தினால் வெட்டுறதுக்கு அலுவலே இராது."

"இப்ப கத்தி படக்கூடாது, மிஸ்."

"என்னது?"

"வேசம் ஏற்றிருக்கு."

நிலாந்தி ஜசிந்தாவைப் பார்த்தாள். ஜசிந்தா சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தாள். அந்தக் கலியாணப் படத்தில் சிரித்தவள் என்ன வாயால் மறுத்துப் பேசுவது?

வீட்டுக்கு வந்து பேசினாள்.

"இஞ்சேருங்கோ, அது மயிருக்கும் தாடிக்கும் சொன்னது. காலுக்கு ஆர் சொன்னது?"

"உடம்பு எண்டுதான் சொல்லியிருக்கு. கால் உடம்பில்லையோ?"

"அந்தோனியார் கோவிக்கமாட்டார்."

"நீ அவரோட கதைச்சனியோ?"

"நாறுதப்பா. உங்களுக்கு விளங்கேல்லையோ? உயிரோட நாறுறியள்."

சந்தியோகு தாடியைச் சொறிந்தார். அது கழுத்தை மூடத் தொடங்கியிருந்தது. "விளங்குது" என்றார். "நாறுற காலுக்கு ஊர் எழும்பிப் போனது. இந்தத் தம்பி மட்டும்தான் கதிரை போட்டு இருந்தது. அதையும் நடுவில விட்டுட்டு ஓடச் சொல்லுறியோ?"

ஜெகதீஸ் கதிரை எங்கே போட்டார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு, காய்ச்சலில் மினுங்கின அந்தக் கண்களைப் பார்த்து அதையும் விழுங்கினாள்.

அடுத்த நாள் ஜெகதீஸ் வந்ததும் படலையிலேயே மறித்தாள்.

"தம்பி, டொக்டர் கால் எடுக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவர் கேட்பார்."

ஜெகதீஸின் முகம் உண்மையாகவே வாடியது. "நான் ஆரையும் கட்டாயப்படுத்தேல்லை அக்கா. அது அண்ணையின்ர தெரிவு. ஒரு கலைஞன்ர தெரிவில நான் கை வைக்கேலாது."

"மேடை எப்ப?"

"விருந்தினர் வாற திகதி இன்னும் வரேல்லை. அநேகமா அடுத்த மாசம்."

"அடுத்த மாசம் அவர் இருக்கமாட்டார்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவற்ற உயிர்ப்பு ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டு போகுது. நேற்று அவர் கத்தின கத்தல், அக்கா, நான் எந்த மேடையிலயும் கேட்டதில்லை."

நேற்று அவர் கத்தினதற்குக் காரணம், குகையாக வைத்த மீன்பெட்டியில் கால் இடித்ததுதான். அவளுக்குத் தொண்டைக்குள் ஏதோ எழும்பியது. புண்ணை உரிக்கும்போது எழும்புகிற அதே சாமான். ஆனால் இது புண்ணில்லை.

"அப்ப மங்களத்தையாவது இப்பவே பாடிவிடுங்கோ. பாடினால் நேர்த்தி தீரும். பேந்து உங்களுக்கு வேண்டிய ஆளை வைச்சு ஆடுங்கோ."

"இதில மங்களம் இல்லை அக்கா. நான் வெட்டிட்டன்."

"வெட்டிட்டியளோ?"

"முடிவு திறந்திருக்கவேணும். முடிஞ்சுது எண்டு பாடி ஆக்களை வீட்டை அனுப்புறது பழைய முறை."

"அப்ப எப்பதான் முடியும்?"

"முடியாது" என்று ஜெகதீஸ் கனிவாகச் சொன்னார். "பார்க்கிறவையின்ர மனசில தொடரும்."

அதாவது அடுத்த மாசம் மேடையேறினாலும் சந்தியோகுவின் உடம்பில் கத்தி பட ஏலாது. ஜசிந்தா கரைப்பக்கம் போனாள். யாகப்பு அண்ணை அங்கே வள்ளத்து நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, மங்களத்தை ஆர் பாடவேணும்?"

"கூத்துப் பழக்கின அண்ணாவியார்தான் எடுத்துக் குடுக்கிறது."

"வேற ஆரும் பாடினால் செல்லாதோ?"

யாகப்பு அண்ணை துப்பிவிட்டு யோசித்தார். "ஆர் எடுத்தாலும் மத்தளம் கடைசி அடியாத் தீர்மானம் வைக்கோணும். தீர்மானம் விழுந்தால் ஆட்டம் முடிஞ்சுது. அதுக்கு மேல சவேரியாரே வந்தாலும் ஆடேலாது."

"நீங்கள் வைப்பியளோ?"

"நெறியாளர் சொல்லாமல் வைக்கேலாது, பிள்ளை. வைச்சால் அது துரோகம்." அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து, அவை வேறு யாருடையவையோ என்பதுபோலப் பார்த்தார். "ஆனால் ஒண்டு. மங்களம் காதில விழுந்தால் இந்தச் சனியன்கள் என்ரை சொல்லுக் கேக்காதுகள். போன வரியம் றேடியோவில போக, சோத்துக் கோப்பையில அடிச்சு உடைச்சுப்போட்டன். மனிசி இன்னும் ஏசுறாள்."

மறுநாள் பின்னேரம் வெயில் வெள்ளையாக அடித்தது. சந்தியோகுவுக்குக் காலையில் இருந்து நடுக்கம். கூழ் காய்ச்சிக் கொடுத்தாள், இரண்டு வாயில் ஓங்காளித்து வைத்துவிட்டார். ஆனாலும் மத்தளச் சத்தம் கேட்டதும் எழும்பி, துணியைச் சுற்றச் சொன்னார். அவள் பையை அவிழ்த்துச் சுற்றினாள்.

அன்று தனியே விடப்பட்டவன் வலியில் விழுந்து கத்துகிற கட்டம். கமரா நின்றது. றஜீபன் மண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தியோகு மணலில் கால் ஊன்றி, வசனத்தின் முதல் வரியைச் சொன்னார்.

"போறவங்களே, என்னைக் கொண்டுபோக ஏலாட்டி, என்ரை காலையாவது கொண்டு போங்கோ…"

பிறகு வசனம் வேறு எங்கேயோ போனது. செத்துப்போன தாயைக் கூப்பிட்டார். வள்ளத்தைத் தள்ளச் சொன்னார். முழங்கால் மடிந்து, முகம் மணலில் பட விழுந்தார். உடம்பு உதறியது. கட்டுத்துணியில் இருந்து மஞ்சளாக ஒன்று வழிய, மணல் அதைக் குடித்தது. காற்று அந்த நேரம் பார்த்து நின்றுவிட, நாற்றம் வளவு முழுவதும் ஒரு ஆள்மாதிரி எழும்பி நின்றது.

றஜீபன் மண்டாவைப் போட்டுவிட்டுத் தூக்க ஓடினான்.

"தொடாதை" என்றார் ஜெகதீஸ் மெல்லிய குரலில். கதிரையோடு பின்னுக்குப் போய்க்கொண்டே, "கமராவை நிப்பாட்டாதை. இது உண்மை. இதுதான் உண்மை."

ஜசிந்தா கையில் இருந்த கருவாட்டைச் சாக்கில் வைத்தாள். மீன் வெடில் பிடித்த கையோடு களத்துக்குள் நடந்து வந்து, கணவனின் தலைமாட்டில் நின்று பாடினாள்.

அவளுக்குப் பாட வராது. கோவில் பாடகர் குழுவில் அவளைக் குமர்ப்பிள்ளைக் காலத்திலேயே வாயை மட்டும் அசைக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். தகரத்தில் சிரட்டை உரஞ்சுகிற குரல்.

"மங்களம் மங்களம், மாமரி மைந்தர்க்கும் மங்களம்
ஆடின பேர்க்கும், அவையிருந் தோர்க்கும் மங்களம்…"

"அக்கா, என்ன செய்யிறியள்?" என்றார் ஜெகதீஸ்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. யாகப்பு அண்ணையைத்தான் பார்த்தாள். யாகப்பு அண்ணை கைகளை மடியில் அடக்கிக்கொண்டு, வேதசாட்சி மாதிரி வானத்தைப் பார்த்தார். இரண்டாம் அடியில் வலக்கை தவறிப்போய் மத்தளத்தில் விழுந்தது. பிறகு இடக்கை அதைத் தேடிப் போனது. ஜசிந்தா சுருதியை எங்கேயோ விட்டுவிட்டு முடிவு வரிக்கு வந்து சேர்ந்தாள். மத்தளம் அவளைப் பிடித்து இழுத்து நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தீர்மானம் வைத்தது.

யாகப்பு அண்ணை மத்தளத்தை மடியில் இருந்து இறக்கி வைத்தார்.

சந்தியோகு மணலில் இருந்து முகத்தைத் திருப்பினார். தாடி முழுவதும் மண். "ஆரடி உன்னைப் பாடச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"கேவலமாப் பாடினாய்."

"ஓம்."

"தீர்மானம் விழுந்ததோ?"

"விழுந்தது" என்றார் யாகப்பு அண்ணை, குற்றவாளிக் குரலில்.

சந்தியோகு கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். எவ்வளவு காலமாக அடக்கி வைத்த மூச்சோ. "அப்ப ஓட்டோவைக் கூப்பிடு."

றஜீபனும் யாகப்பு அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஓட்டோவில் ஏற்றும்போது ஜெகதீஸ் பின்னால் ஓடி வந்தார். கண் மின்னியது.

"அருமை அக்கா. நான் மங்களத்தை வெட்டினது பிழை. இதைத்தான் நாங்கள் வைச்சிருக்கவேணும். மேடையிலயும் இதே இடத்தில, இதே மாதிரி, அந்த மீன் கையோட வாறியள். சுருதியைத் திருத்தாதேங்கோ."

ஓட்டோ போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், ஜசிந்தா மிச்சத்தைக் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்து இரண்டொரு நாளில் சந்தியோகு முதலில் கேட்டது சோறில்லை, சவரக்காரனை. கட்டிலிலேயே தாடியை வழித்தார்கள். உள்ளேயிருந்து மெலிந்த, வெளிறின ஒரு முகம் வெளியே வந்தது. ஜசிந்தா குனிந்து மணந்து பார்த்தாள். சவர்க்காரம். அவள் அன்றைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு ஒரு புட்டுப் பொட்டலத்தை முழுதாகத் தின்றாள்.

அடுத்த நாள் ஜெகதீஸ் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம். அண்ணையின் பாத்திரத்தை இனி றஜீபன்தான் செய்கிறானாம். எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறை.

"அக்கா, அந்தத் துணி இருக்குதோ?"

"இருக்கு. உடுப்பெடுக்க வீட்டை போறன். கொண்டுவாறன்."

"தோய்க்கேல்லைத்தானே?"

"நீங்கள் சொன்னபடிதான் தம்பி."

ஓட்டோவில் ஏற்ற முன் அவள் அதைக் காலில் இருந்து உருவி, பையில் போட்டு, வேலியில்தான் கொழுவியிருந்தாள். சோளகத்து வெயிலில் அத்தனை நாளும் பைக்குள் கிடந்து அவிந்திருந்தது. அதைத் தொடாமல் தடியால் எடுத்து, இன்னொரு பைக்குள் போட்டு, அதற்கு மேல் இன்னொன்று. பஸ்ஸில் அல்லைப்பிட்டி கழியும்போதே கொண்டக்டர் மூன்றுதரம் சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டான். "ஆரோ மீன் கொண்டுவந்திட்டினம்" என்று அவளும் எல்லோருடனும் சேர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஸ் தோடம்பழப் பையோடு வந்தார். நேரே வந்து சந்தியோகுவின் கட்டிலில், கால் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. மூக்குக்குக் கீழே ஒன்றும் மினுங்கவில்லை. அவர் இவ்வளவு கிட்ட வந்து இருந்தது இதுதான் முதல்தரம் என்பதைச் சந்தியோகுவும் கண்டார். கண்டு, கொஞ்சநேரம் அவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு பார்வையைக் கூரைக் காற்றாடிக்கு மாற்றிக்கொண்டார்.

"எப்பிடி அண்ணை?"

"சுகம் தம்பி. பெடியன் எப்பிடிச் செய்யிறான்?"

"முயற்சி செய்யிறான். ஆனால் உண்மை இல்லை. வெறும் நடிப்பு." ஜெகதீஸ் பெருமூச்சு விட்டார். "துணியைக் கட்டினால் வரும் எண்டு நினைக்கிறன்."

ஜசிந்தா கட்டிலுக்குக் கீழிருந்து பையை எடுத்து, அவருடைய மடியில் வைத்தாள்.

"உங்கட சாமான்."

அவர் முதல் முடிச்சை அவிழ்த்தார். அடுத்ததை அவிழ்க்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை முகத்துக்கு இழுத்தார். "நிறம் மங்கேல்லைத்தானே?" என்று கேட்டபடி கடைசிப் பையின் வாயை விரித்து, உள்ளே பார்ப்பதற்காக முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

அவருடைய முகம் சாம்பலாகியது. தோடம்பழங்கள் நிலத்தில் உருண்டன. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வாட்டின் நீளத்துக்கு ஓடி, வெளி விறாந்தையில் போய் நின்றார். அங்கிருந்து சத்தம் வந்தது. அடிவயிற்றில் இருந்து, குடலைப் பிடுங்கி எறிவதுபோல, ஒருதரம், பிறகு இன்னொருதரம், நிற்காமல்.

ஜசிந்தா பைகளை ஒவ்வொன்றாக முடிந்து, தோடம்பழங்களைப் பொறுக்கி, ஒன்றை உரித்தாள்.

"என்னடி சத்தம் அது?" என்றார் சந்தியோகு.

அவள் சுளையை அவர் வாயில் வைத்துவிட்டு, தலையைச் சரித்து, விறாந்தைப் பக்கம் கொஞ்சநேரம் கவனமாகக் கேட்டாள்.

"இது உண்மை" என்றாள்.